அம்பாசடருக்கு ஏசி, அம்மாவுக்குத் தலைவலி

த்ரெட் கொஞ்சம் நீளம். பழைய கார் வெச்சிருக்கவங்க, அதுல ஏசி மாட்டலாமான்னு யோசிக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. கார் இல்லாதவங்களும் படிக்கலாம். நடுவுல தலைவலி, பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லாம் வருது.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். நான் அரசு மருத்துவமனைல வேலை பாக்குற எம்பிபிஎஸ் டாக்டர். மெக்கானிக் இல்ல. இதுல கார் பத்தி வர்ற விஷயம் முக்கால்வாசி சிம்மக்கல்ல ஒரு பாய் எனக்குச் சொல்லிக் குடுத்தது. மருத்துவம் பத்தி வர்றது நான் படிச்சது. படிச்சும் கோட்டை விட்டது.

எங்க வீடு சிம்மக்கல்ல ஒரு சந்துக்குள்ள. அப்பாகிட்ட 1988 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கு. பெட்ரோல். அதை விக்கச் சொல்லி நானும் அக்காவும் பத்து வருஷமா சொல்லிப் பாத்தாச்சு. "நீங்க ரெண்டு பேரும் அதுலதான்டா ஸ்கூலுக்குப் போனீங்க"ன்னு ஒரே பதில். அதுக்கு மேல பேச முடியாது.

2022 மே மாசம். மதுரை வெயில் பத்தி மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு: ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட வைகை ஆத்து மணல் சுடும். அப்பாவுக்கு எழுபத்திரெண்டு வயசு, அம்மாவுக்கு அறுபத்தாறு. மாசம் ரெண்டு தடவை திண்டுக்கல்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவாங்க. அறுபத்தஞ்சு கிலோமீட்டர். அம்பாசடர்ல அப்பா ஓட்டுனா ரெண்டு மணி நேரம். இறங்கும்போது ரெண்டு பேரும் வெந்து போய் இறங்குவாங்க. "ஏசி போட்டுடலாம்ப்பா"ன்னு சொன்னது நான்தான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த இடத்துல காரைப் பத்தி ரெண்டு வார்த்தை. இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது வரிசைக் காரை எடுத்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்துல உத்தரபாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்சதுதான் அம்பாசடர். 1958ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் வந்துச்சு. எங்க கார்ல இருக்கிறது 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். குளிர் நாட்டுல, ஏசியை நினைச்சே பாக்காம வரைஞ்ச இன்ஜின். கார்ல ஏசிங்கிறதே 1940 மாடல் பேக்கார்டுலதான் முதல் தடவை கம்பெனியில இருந்து வந்துச்சு. அந்தப் பேக்கார்டு கதை வேடிக்கை. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேணாம்னா வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழட்டணும்.

பழைய காருக்கு ஏசி மாட்டுறதுன்னா ஒரு பெட்டியை வாங்கி வைக்கிற வேலை இல்லைங்க. இன்ஜின் பக்கத்துல பிராக்கெட் அடிச்சு கம்ப்ரசர் வைக்கணும். அதைச் சுத்த ஒரு பெல்ட், அதுக்கு ஒரு புல்லி. ரேடியேட்டருக்கு முன்னாடி கண்டென்சர். அது காத்தை மறைக்கிறதால இன்ஜின் சூடாகும், அதனால ஒரு எலக்ட்ரிக் ஃபேன். ஃபேன் ஓட கரண்ட் வேணும், அதனால ஆல்டர்னேட்டர் பெருசு. அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழ, முன்சீட்டுக்காரங்க முழங்கால் கிட்ட, குளிர் காத்து ஊதுற பெட்டி. அந்தப் பெட்டிக்கும் இன்ஜின் பக்கத்துக்கும் நடுவுல கேஸ் போய் வர ரெண்டு ரப்பர் ஹோஸ், தண்ணி வடிய ஒரு டியூப், ஒரு கட்டு வயர்.

இதெல்லாம் எப்படி உள்ள வரும்? இன்ஜின் அறைக்கும் நாம உக்காந்திருக்கிற அறைக்கும் நடுவுல ஒரு இரும்புத் தகடு இருக்கு. ஃபயர்வால்னு சொல்வாங்க. அதுல ஓட்டை போடணும்.

ஒரு ஏசி கடைல குடுத்தோம். பேர் வேணாம். மூணு நாள் வேலை. வண்டியை எடுக்கப் போனப்ப உள்ள உக்காந்து ஏசியைப் போட்டேன். சில்லுன்னு ஊதுச்சு. அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பணத்தைக் குடுத்துட்டு வந்துட்டேன். பானட்டைத் திறந்து காட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச நோயாளி தையலைப் பாக்காம வீட்டுக்குப் போற மாதிரி.

அடுத்த ரெண்டு மாசம் அப்பா ராஜா. ஜன்னலை எல்லாம் ஏத்தி விட்டுட்டு, வெள்ளைத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, திண்டுக்கல் ரோட்டுல ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல போவார்.

அந்த ரெண்டு மாசத்துலதான் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பிச்சுச்சு.

அக்கா வீட்டுல போய் இறங்குன உடனே நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு படுத்துருவாங்க. லேசா குமட்டல். சாயங்காலத்துக்குள்ள சரியாகிடும். திரும்பி மதுரைக்கு வந்து இறங்குனா மறுபடி வலி. காலைல எந்திரிச்சா ஒன்னும் இருக்காது. "மருமகன் வீட்டுக்குப் போனாலே உங்கம்மாவுக்குத் தலைவலி வந்துருது"ன்னு அப்பா கிண்டல் பண்ணுவார். நாங்களும் சிரிச்சோம்.

டாக்டர் மகன் என்ன பண்ணேன்? பிபி பாத்தேன், 140/90. லேசா கூட இருக்கு, அதனாலதான்னு சொன்னேன். அடுத்த தடவை கழுத்து எலும்புத் தேய்மானம்னு சொன்னேன். அதுக்கடுத்த தடவை கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன். பாராசிட்டமால் குடுத்தேன். "ஏசிக் காத்து நேரா மூஞ்சில அடிக்குது, சைனஸா இருக்கும்"னும் சொன்னேன். ஏசி வரைக்கும் வந்துட்டேன் பாருங்க. இன்னும் ஒரு அடி தள்ளி யோசிச்சிருந்தா போதும்.

ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா பையனையும் கூட்டிக்கிட்டு மதுரை வந்தாங்க. ஆறு வயசு. முன்சீட்டுல பாட்டி மடில உக்காந்து வந்தான். இறங்குன உடனே வாந்தி. காலைல தின்ன இட்லி சேரலைன்னு முடிவு பண்ணோம். அன்னிக்கு அம்மாவுக்கும் தலை கிறுகிறுன்னு இருந்துச்சு. நான் விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பாத்தேன். 98. "ஆக்சிஜன் எல்லாம் அருமையா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுக் கழட்டி வெச்சுட்டேன்.

அந்த 98ஐ நான் இன்னும் மறக்கல.

ஜூலை கடைசில ஒரு நாள் அப்பாவுக்கு கண் பரிசோதனைக்காக நான் வண்டி ஓட்டுனேன். யானைக்கல் தாண்டி ஏ.வி. பாலம். 1889ல கட்டுன பாலம், அது மேல 1988 கார், உள்ள ஏசி. பாலத்துல ஏறும்போது கியர் மாத்தறதுக்காக ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். இன்ஜின் சத்தம் குறையல. கிளட்ச்சை மிதிச்சேன். இன்ஜின் ஓன்னு கத்துது. முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ, அதுல பின்பக்கம் பாத்து உக்காந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அவங்க முகம் எனக்குத் தெளிவாத் தெரிஞ்ச தூரம்.

பிரேக்கை அழுத்தி மிதிச்சேன், கிளட்ச்சை விடல, சாவியை ஒரு திருப்பு திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். வண்டி நின்னுச்சு. அப்பா ஒன்னும் பேசல. ரெண்டு பசங்க வந்து ஓரமாத் தள்ளி விட்டாங்க. எனக்கு ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்க ஒரு நிமிஷம் ஆச்சு.

(இது எந்தக் காருக்கும் பொருந்தும், அதனால இங்கயே சொல்லிடறேன். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சுன்னா குனிஞ்சு கையால பெடலை இழுக்கப் பாக்காதீங்க. பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்துங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க. இப்ப வர்ற கார்ல பிரேக்குக்கு உதவுறது இன்ஜின் உறிஞ்சுற காத்து. ஆக்சிலரேட்டர் முழுசாத் திறந்திருக்கும்போது அந்த உறிஞ்சல் இருக்காது. ரெண்டு தடவை விட்டு மிதிச்சா மூணாவது தடவை பெடல் கல்லா இருக்கும். உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க. இன்ஜின் கத்தும், கத்தட்டும். வண்டி நின்னதும் இன்ஜினை நிறுத்துங்க. ஓடும்போதே நிறுத்த வேண்டி வந்தா சாவியைக் கடைசி வரைக்கும் திருப்பி உருவிடாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும்.)

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனது சிம்மக்கல்ல ஒரு சந்துக்குள்ள இருக்கிற பாய் ஷெட்டுக்கு. அப்பாவோட பழைய மெக்கானிக். அறுபதைத் தாண்டுனவர். ஏசி மாட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னு அவருக்கு வருத்தம். அதை அவர் சொல்லல. பானட்டைத் திறந்துட்டு ரொம்ப நேரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னார், அதுலயே தெரிஞ்சுச்சு.

"இங்க வாங்க தம்பி, பாருங்க."

இந்தக் கார்ல ஆக்சிலரேட்டர் பெடல் வலது பக்கம், கார்புரேட்டர் இன்ஜினுக்கு இடது பக்கம். கால் அழுத்துறது அங்க போய்ச் சேரணும்னா ஃபயர்வால் ஓரமா குறுக்க ஒரு தண்டு, அதுல ரெண்டு கை, ஒரு ராடு, ராடு நுனியில சின்னச் சின்ன பால் ஜாயின்ட். கடைசில கார்புரேட்டர் லீவர். காலை எடுத்தா எல்லாத்தையும் பின்னாடி இழுத்து மூடறதுக்கு ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். நம்ம கைல தசை, தசைநாண், மூட்டு இருக்கிற மாதிரிதான். ஒரு மூட்டு இறுகிப் போனா விரல் மடங்குன இடத்துலயே நிக்கும்.

ஏசி ஓடுனா சும்மா நிக்கிற இன்ஜின் திணறி அணைஞ்சு போகும். கம்ப்ரசர் மூணு நாலு குதிரையைத் தின்னுரும். அதுக்காக ஏசி போட்ட உடனே ஆக்சிலரேட்டரை லேசாத் தூக்கி விட ஐடில் அப்னு ஒரு சாமான் மாட்டுவாங்க. எங்க கார்ல அதை மாட்டுன பையன் அதுக்கான பிராக்கெட் கிடைக்காம ஒரு தகட்டை வளைச்சு, கார்புரேட்டர் லீவர்ல கம்பியால கட்டி விட்டிருக்கான். ஏசி ஹோஸைப் பிடிச்சு நிறுத்த கிளிப்புக்குப் பதிலா பிளாஸ்டிக் டேக். இன்ஜின் சூட்டுல டேக் அறுந்து, ஹோஸ் சரிஞ்சு, குறுக்குத் தண்டோட கை மேல உக்காந்திருச்சு. நான் காலை எடுத்தப்ப ஸ்பிரிங் இழுத்துச்சு, ஹோஸ் விடல. அதான் பாலத்துல நடந்தது.

பாய் இதைச் சொல்லி முடிச்சுட்டுக் குனிஞ்சார். டார்ச்சை ஃபயர்வால் பக்கம் அடிச்சார். மூணு ஓட்டை. ஒன்னுலதான் ரப்பர் வளையம் இருக்கு. கிரோமெட்னு சொல்வாங்க, ஓட்டை ஓரத்துல உக்கார்ற வளையம். மத்த ரெண்டு ஓட்டையும் ஹோஸை விடப் பெருசு. களிமண் மாதிரி எதையோ அப்பி விட்டிருக்காங்க. அது காஞ்சு பாதி உதிர்ந்து போச்சு. மிச்சம் இருந்த பாதி கருப்பா இருந்துச்சு. பாய் அதுல விரலை வெச்சுத் தேய்ச்சு என்கிட்ட காட்டினார். புகைக்கரி.

"முன்னாடி இடது பக்கம் யாரு தம்பி உக்காருவாங்க?"

"அம்மா."

"தலை வலிக்குதுன்னு சொல்லுவாங்களே?"

நான் பதில் சொல்லல. ஆறு வருஷம் படிச்சுட்டு, பன்னெண்டு வருஷம் ஓபி பாத்துட்டு, அந்த ஷெட்டுல ஒரு டின் மேல உக்காந்துட்டேன்.

பாய்க்கு எப்படித் தெரியும்னா, அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்துல அவரோட உஸ்தாத் மழை நாள்ல ஷட்டரை இறக்கி விட்டுட்டு டியூனிங் பாத்துக்கிட்டிருந்தவர் அப்படியே சரிஞ்சு விழுந்திருக்கார். வெளிய தூக்கிப் போட்டதும் பிழைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் மூணு நாள் தலைவலின்னு சொன்னாராம். பாய் புத்தகத்துல படிக்கல. பாத்திருக்கார்.

இப்ப மருத்துவம்.

பெட்ரோல் முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு. காத்து போதாம அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல, கண் எரியாது, இருமல் வராது. பெட்ரோல் வாசனையோ புகை வாசனையோ அடிச்சா அது கூட வர்ற வேற பொருளோட வாசனை. நுரையீரல் வழியா ரத்தத்துக்குப் போனதும் ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்கும். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. ஆக்சிஜன் வந்து பாக்கும், உக்கார இடம் இருக்காது. போதாததுக்கு ஏற்கனவே உக்காந்திருக்கிற ஆக்சிஜனையும் திசுக்கள்ல சுலபமா இறங்க விடாது.

முதல்ல அடி வாங்குறது மூளையும் இதயமும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு. ஃபுளூ காய்ச்சல் மாதிரி, ஆனா காய்ச்சல் இருக்காது. அளவு கூடுனா குழப்பம், மயக்கம், மரணம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் ஏன் 98 காட்டுச்சு? அது விரலுக்குள்ள சிவப்பு, அகச்சிவப்புன்னு ரெண்டு ஒளியை அனுப்பிக் கணக்குப் போடுது. கார்பன் மோனாக்சைடு பிடிச்ச ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் பிடிச்ச ஹீமோகுளோபின் மாதிரியே சிவப்பா இருக்கும். அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. துண்டு போட்ட சீட்டையும் ஆள் உக்காந்த சீட்டுன்னே எண்ணிக்கும். கொரோனா காலத்துல எல்லார் வீட்டுலயும் அந்தக் கருவி வந்துருச்சு. அதனால திரும்பச் சொல்றேன்: புகை, ஜெனரேட்டர், கரி அடுப்பு, மூடின கார், இது சம்பந்தப்பட்ட மயக்கம், தலைவலின்னா அந்த 98ஐ நம்பாதீங்க. கோ-ஆக்சிமீட்டர்ங்கிற கருவியில ரத்தம் பாத்தாதான் தெரியும். ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் கூடாது, சந்தேகம் வந்த உடனே முழு ஆக்சிஜன்.

அம்மாவுக்கு ஏன் சாயங்காலத்துக்குள்ள சரியாச்சு? சாதாரணக் காத்தைச் சுவாசிச்சா ரத்தத்துல இருக்கிற கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய சுமார் 4, 5 மணி நேரம் ஆகும். 100 சதவீத ஆக்சிஜன் குடுத்தா ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். காலைல பத்து மணிக்கு அக்கா வீட்டுல இறங்குவாங்க, சாயங்காலம் நாலு மணிக்குத் தெளிஞ்சு உக்காந்து காபி குடிப்பாங்க. பாடப் புத்தகம் என் வீட்டு முற்றத்துல நடமாடியிருக்கு. நான் கழுத்து எலும்பைத் தேடிக்கிட்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஏன் வரல? வந்திருக்கு. "லேசா கிறுகிறுன்னுதான் இருக்கும், டிரைவர் சொன்னா நல்லா இருக்குமா"ன்னு பின்னாடி ஒத்துக்கிட்டார். அம்மாவுக்கு ஓட்டை நேரா காலுக்கு மேல. அதோட அவங்களுக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.8. இருக்கிற சீட்டே கம்மி, அதுலயும் துண்டு போட்டா? குழந்தைங்க வேகமா மூச்சு விடுவாங்க, அதனால சீக்கிரம் பாதிக்கும். கர்ப்பிணின்னா வயித்துல இருக்கிற குழந்தைக்குத் தாயை விட ஆபத்து.

கணக்கு ஒன்னு போட்டுப் பாருங்க. பழைய நாலு சக்கர பெட்ரோல் வண்டிக்குப் புகைப் பரிசோதனைல அனுமதிக்கிற கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். பாஸ் ஆன வண்டியோட புகைலயே பத்து லட்சம் பங்குல 30,000 பங்கு. மூடின இடத்துல பத்து லட்சத்துல 200 பங்கு இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல தலைவலி வரும். அதாவது உள்ள இருக்கிற காத்துல 150ல ஒரு பங்கு அந்தப் புகை கலந்தாப் போதும். சான்றிதழ் வாங்குன வண்டிக்கே இது.

எங்க வண்டி சான்றிதழ் வாங்குனது ஏசி மாட்டுறதுக்கு முன்னாடி. ஏசி போட்டா இன்ஜின் திணறுதுன்னு கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவையும் கூட்டி வெச்சிருக்காங்க. பெட்ரோல் கூடுனா காத்து போதாது, கார்பன் மோனாக்சைடு கூடும். இதைச் சுத்தப்படுத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு ஒன்னு புது வண்டிகள்ல இருக்கு. இந்தியாவுல அது 1995ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்லதான் ஆரம்பிச்சுச்சு. 1988 வண்டிக்கு ஏது? அதோட இந்த இன்ஜின்ல உள்ள போற குழாயும் புகை வெளிய வர்ற குழாயும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்குக் கீழயே. புகைக் குழாய் இன்ஜினோட சேர்ற இடத்துல கேஸ்கட் லேசா ஊதிக்கிட்டிருந்திருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணா டப் டப்னு ஒரு சத்தம் வரும். பல வருஷமா வருது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு விட்டிருந்தோம்.

பல வருஷமா ஊதுற கேஸ்கட் அதுவரைக்கும் ஏன் யாரையும் ஒன்னும் பண்ணல?

ஜன்னல் திறந்திருந்துச்சுங்க. முப்பத்து நாலு வருஷம் அந்தக் கார் நாலு ஜன்னலும் திறந்து ஓடுன கார். எத்தனை கசிவு இருந்தாலும் திண்டுக்கல் ரோட்டுக் காத்து வாரிக்கிட்டுப் போயிடும். நாங்க ஜன்னலை மூடினோம். ஓட்டையும் போட்டோம். டேஷ்போர்டுக்குக் கீழ தொங்குற ஏசிப் பெட்டி வெளிக்காத்தை எடுக்காது, உள்ள இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வெச்சு ஊதும். வயசான நோயாளிக்கு ஒரு புது மாத்திரை எழுதும்போது ஏற்கனவே சாப்பிடுற எட்டு மாத்திரையைப் பாக்கணும்னு ஜூனியர் பசங்களுக்கு நான் வகுப்பு எடுப்பேன். என் காருக்கு எழுதும்போது பாக்கல.

என் அம்மாவோட ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருந்துச்சுன்னு என்கிட்ட எந்த ரிப்போர்ட்டும் இல்ல. ரத்தம் எடுக்க வேண்டிய நேரத்துல நான் சந்தேகப்படவே இல்ல. சரி பண்ணதுக்கு அப்புறம் வலி நின்னுச்சு, பஸ்ல போன நாள்ல எல்லாம் வலி வந்ததில்ல. இவ்வளவுதான் என் ஆதாரம். கோர்ட்டுக்குப் பத்தாது, எனக்குப் போதும்.

சாமான் தேடுனது தனிக் கதை. வடக்கு வெளி வீதி, சிம்மக்கல்னு பாய் எழுதிக் குடுத்த சீட்டை வெச்சுக்கிட்டு மூணு நாள் டியூட்டி முடிஞ்சு அலைஞ்சேன். "அம்பாசடரா? பெட்ரோலா, டீசலா? என்ன வருஷம்?"னு ஒவ்வொரு கடைலயும் கேள்வி, அதுக்கப்புறம் "எங்க அப்பாகிட்ட இருந்துச்சு சார்"னு ஒரு கதை. புகைக் குழாய் கேஸ்கட் கிடைச்சுச்சு. பால் ஜாயின்ட் நாலு, ராடு ஒன்னு, ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு. ஏன் ரெண்டுன்னு கேட்டேன். "ஒன்னு உடைஞ்சா இன்னொன்னு இழுக்கும்ல"ன்னார் பாய். கிட்னி ரெண்டு இருக்கிற மாதிரி. ஹோஸைப் பிடிக்க ரப்பர் வெச்ச இரும்பு கிளிப் ஆறு. கிரோமெட் ஒன்னு பதினைஞ்சு ரூபாய். மூணு வாங்குனேன். நாப்பத்தஞ்சு ரூபாய்.

ஏசிக்கு நாங்க குடுத்த பணத்தைச் சொல்ல மாட்டேன், அக்கா இந்த த்ரெட்டைப் படிப்பா.

பாய் ஹோஸை எல்லாம் கழட்டி வேற வழியா, ஆக்சிலரேட்டர் தண்டுல இருந்து நாலு விரல் தள்ளிக் கொண்டு போனார். வளைச்சுக் கட்டுன தகட்டைத் தூக்கிப் போட்டுட்டு, கெட்டியான பிராக்கெட்டுல ஐடில் அப்பை மாட்டினார். அது லீவரைத் தள்ள மட்டும் முடியணும், பிடிச்சு நிறுத்த முடியக் கூடாதுன்னு மூணு தடவை என்னை அழுத்திப் பாக்கச் சொன்னார். கிரோமெட் போட்டு, மேல சூடு தாங்குற சீலன்ட். ஆக்சிலரேட்டர் தண்டு உள்ள வர்ற ஓட்டைக்கும் புது வளையம், அந்தப் பழசும் பொடிப் பொடியா இருந்துச்சு. கேஸ்கட் மாத்துனதும் டப் டப் சத்தம் போயிருச்சு. கடைசில கார்புரேட்டரைச் சரி பண்ணி, ஏசி ஓடும்போதே புகைப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போனோம்.

ராத்திரி எட்டு மணிக்கு ஷெட் விளக்கை அணைச்சுட்டு, பானட்டுக்குள்ள ஒரு பல்பைப் போட்டு மூடினார். "உள்ள போய் டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்டுப் பாருங்க தம்பி. வெளிச்சம் தெரியுற இடமெல்லாம் புகை வர்ற இடம்." தலைகீழாப் படுத்துப் பாத்தேன். பெடல் கிட்ட நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு. அதையும் அடைச்சோம். மறுபடி பாத்தேன். கும்மிருட்டு. எக்ஸ்ரே ரூம்ல கூட அவ்வளவு திருப்தியா நான் இருட்டைப் பாத்ததில்ல.

பழைய காருக்கு ஏசி போடாதீங்கன்னு நான் சொல்லல. வயசானவங்களுக்கு மே மாச வெயிலும் ஆபத்துதான். போட்டா முதல்ல புகைக் குழாய், சைலன்சர், கேஸ்கட் பாத்துட்டுப் போடுங்க. வண்டியை எடுக்கும்போது பானட்டைத் திறக்கச் சொல்லுங்க, எத்தனை ஓட்டை போட்டீங்கன்னு கேளுங்க, ஒவ்வொன்னுலயும் ரப்பர் இருக்கான்னு கண்ணால பாருங்க. பின்னாடி டிக்கி ரப்பரும், துருப்பிடிச்ச தரையும் கூடப் பாருங்க, சைலன்சர் புகை அந்த வழியாவும் வரும். ஒருத்தரை ஆக்சிலரேட்டரை மிதிச்சு விடச் சொல்லி, ஏசி ஓடும்போதும் நிக்கும்போதும் லீவர் சட்டுன்னு திரும்புதான்னு நீங்க நின்னு பாருங்க. ஒரே வண்டில போன ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல தலைவலி, வாந்தின்னா இட்லியைத் திட்டாதீங்க. ஜன்னலைத் திறங்க, வண்டியை நிறுத்தி வெளிய வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் "மூடின கார்ல வந்தோம்"ங்கிற வார்த்தையை உங்க வாயால சொல்லுங்க. அதைச் சொல்லலைன்னா என்னை மாதிரி ஒரு டாக்டர் பிபி பாத்துட்டு அனுப்பிடுவான்.

புது கார் வெச்சிருக்கவங்க: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்குன்னு நின்ன கார்ல ஏசி போட்டுத் தூங்காதீங்க. ஷட்டர் மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, ரெண்டு நிமிஷம்னாலும்.

ஏசி மாட்டுன பையன்கிட்ட பாய் போய்ப் பேசிட்டு வந்தார். நான் போகல. போயிருந்தா கத்தியிருப்பேன். இருபத்திரெண்டு வயசுப் பையனாம். ஃபயர்வால் ஓட்டையை எதுக்கு அடைக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையாம், தண்ணி உள்ள வராம இருக்கத்தான்னு நினைச்சிருக்கான். இப்ப பாய் ஷெட்டுக்கு ஞாயித்துக்கிழமை வந்து போறான்னு கேள்வி.

அடுத்த தடவை திண்டுக்கல் போனப்ப நானும் போனேன். கார்பன் மோனாக்சைடு அளவைத் திரைல காட்டுற சின்னக் கருவி ஒன்னு வாங்கி அம்மா காலுக்குக் கீழ வெச்சிருந்தேன். சின்னாளபட்டி தாண்டுற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிஞ்சு பாத்தேன். பூஜ்ஜியம். அக்கா வீட்டுல இறங்குன உடனே அம்மா நேரா அடுப்படிக்குப் போய் காபி போட்டாங்க. அக்கா என்னைப் பாத்தா, நான் அக்காவைப் பாத்தேன்.

இப்பவும் அம்மா வண்டில ஏறுனதும் ஜன்னலை ரெண்டு விரல் அளவு இறக்கி வெச்சுக்கிறாங்க. குளிரெல்லாம் வெளிய போகுதுன்னு அப்பா முணுமுணுப்பார். அம்மா காதுலயே வாங்க மாட்டாங்க. நான் பின்சீட்டுல உக்காந்து வாயைத் திறக்கிறதில்ல.